ஒட்டுமா, ஒட்டாதா

2025 மார்ச் 3, திங்கள்

பதினைந்தாம் தேதி ராத்திரி வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறுவதென்று முடிவாகிவிட்டது. நான், மச்சான், மாப்பிள்ளை என்று நான் கூப்பிடுகிற அக்கா மகன். மூன்றே பேர்.

போன வருஷம் இறங்கும்போது இடது குதிகாலில் செருப்பு கடித்தது. உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டினேன். பத்து நிமிஷத்தில் அது சுருண்டு உருண்டையாகி, அந்த உருண்டையே பக்கத்தில் இன்னொரு கொப்புளம் போட்டது. மீதி மலையை நொண்டிக்கொண்டே இறங்கினேன். மலையில் வருவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன வலிதான். ஆனால் அதுதான் ஆளைப் படுத்துகிறது.

ராத்திரி பழைய முதலுதவிப் பையைத் தேடி எடுத்தேன். மாப்பிள்ளை ஆன்லைனில் வாங்கியது. சிவப்புப் பை, வெள்ளைச் சிலுவை, உள்ளே நாற்பது பிளாஸ்திரி, காகிதம்கூட வெட்டாத ஒரு கத்தரிக்கோல். ஒரு கோடை முழுக்கக் காரின் முன்பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. பசை இளகி உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் பஞ்சு ஒரு பக்கம், பட்டை ஒரு பக்கம். நாற்பதையும் குப்பையில் போட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

வடவள்ளி மெடிக்கலில் நின்று, இருக்கிற பிளாஸ்திரி எல்லாவற்றிலும் இரண்டிரண்டு கேட்டேன். கடைத்தம்பி ஏற இறங்கப் பார்த்தான். "காயம் எங்கீங்ணா?" இன்னும் வரவில்லை என்றேன்.

மூன்று வகை கிடைத்தன. வழவழப்பான பிளாஸ்டிக் பட்டையில் ஊசித் துளைகள் போட்டது. இதைத்தான் நாம் சில்லறையில் ஒன்று இரண்டென்று கிழித்து வாங்குகிறோம். இழுத்தால் நீளுகிற துணிப்பட்டை. கண்ணாடி மாதிரி மெல்லிசாக, தண்ணீர் புகாத ஒன்று. மூன்றாவது விலை கொஞ்சம் கூடுதல். கூடவே பழைய வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருள், துத்தநாக ஆக்சைடு பசை பூசியது. அப்பா காலத்தில் பிளாஸ்திரி என்றாலே இதுதான். பஞ்சை வைத்து இதை ஒட்டுவார்கள்; பிரிக்கும்போது முடியெல்லாம் பிடுங்கிக்கொண்டு வரும்.

பிளாஸ்டிக் பட்டையின் பெட்டியில் 'தோல் நிறம்' என்று போட்டிருந்தது. யார் தோலோ தெரியவில்லை. என் விரலில் ஒட்டினால் இங்கிலீஷ்காரன் விரலைக் கடன் வாங்கிய மாதிரி இருக்கிறது.

மார்ச் 5, புதன்

இடது கையில் மூன்று விரலுக்கு மூன்று வகை ஒட்டிக்கொண்டு கணபதிப் பட்டறைக்குப் போனேன். "ஏனுங்ணா, மூணு வெரலும் ஒரே நாள்ல போச்சுங்களா?" என்றான் லேத்தில் நிற்கிற பையன். அவன் கட்டை விரலில் காட்டன் வேஸ்ட் வைத்துக் கரண்ட் டேப் சுற்றியிருந்தான். பட்டறைப் பிளாஸ்திரி அதுதான். ஒட்டுவதில் அதற்கு ஈடில்லை. ஆனால் உள்ளே காற்றே போகாது; சாயங்காலம் பிரித்தால் விரல் ஊறிய வெள்ளைப் பூண்டு மாதிரி இருக்கும்.

பதினோரு மணிக்கு ஆயில் பட்டு பிளாஸ்டிக் கழன்றது. கண்ணாடிப் பட்டை விளிம்பில் சுருண்டது. துணிப்பட்டை கறுப்பாகி, அசிங்கமாகி, சாயங்காலம்வரை நின்றது.

மார்ச் 6, வியாழன்

நேற்றைய சோதனை நியாயமில்லை. மலையில் ஆயில் கிடையாது, வேர்வைதான். ஆனால் காலையில் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவன் நான். இன்று சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஒரு நிமிஷம் காயவிட்டு ஒட்டினேன். நேற்று இரண்டு மணி நேரம்கூட நிற்காத பிளாஸ்டிக், இன்று மதியச் சாப்பாடுவரை நின்றது! வாங்கும் சாமானைவிட ஒட்டும் விதம் பாதி வேலையைச் செய்கிறது போல.

விரல் மூட்டில் எந்த வகையும் நிற்காது. மடக்கி நீட்டினால் தூக்கிக்கொள்ளும். துணிப்பட்டையின் இரண்டு முனையையும் பஞ்சு வரைக்கும் நடுவில் கீறி நாலு வாலாக்கி, இரண்டு வாலை மூட்டுக்கு மேலேயும் இரண்டைக் கீழேயும் குறுக்காகப் போட்டால் நிற்கிறது. இதற்கென்றே வெட்டிய பட்டை கடையில் உண்டாம். கத்தரி இருந்தால் அது தேவையில்லை.

மார்ச் 7, வெள்ளி

பிளாஸ்திரியின் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். 1920, அமெரிக்காவின் நியூ ஜெர்சி. ஜான்சன் அண்ட் ஜான்சனில் பஞ்சு கொள்முதல் பார்த்தவர் எர்ல் டிக்சன். அவர் மனைவி ஜோசஃபின் சமையலறையில் அடிக்கடி கையை வெட்டிக்கொள்வார். கணவன் வேலைக்குப் போனபின் ஒற்றைக் கையால் பஞ்சைப் பிடித்துக்கொண்டு டேப்பைக் கிழிக்க முடியாது. அதனால் டிக்சன் நீளமான ஒட்டுப்பட்டையில் இடைவெளி விட்டுப் பஞ்சுத் துணியை வைத்து, பசை காயாமல் மேலே ஒரு துணியைப் போட்டு மூடி வைத்தார். வேண்டியதை அந்த அம்மாள் வெட்டி எடுத்துக்கொள்வார். முதலில் விற்பனைக்கு வந்ததும் 18 அங்குல நீளப் பட்டைதான், கையால் செய்தது. அவ்வளவாக விற்கவில்லையாம்.

காயம்பட்டவர் தனியாக, ஒரே கையால் ஒட்டிக்கொள்ள முடியவேண்டும். மலையில் ராத்திரி மூன்று மணிக்கு நான் கேட்பதும் இதையேதான். சாப்பாட்டு மேஜையில் இடது கையால் மட்டும் உறையைப் பிரித்துப் பழகினேன். "எந்தக் கையும் நல்லாத்தானுங்களே இருக்குது?" என்றாள் என் மனைவி.

மார்ச் 9, ஞாயிறு

விடிகாலை மருதமலைப் படி. இடது குதிகாலில் துணிப்பட்டை, வலதில் வெள்ளைச் சுருளில் வெட்டிய ஒரு துண்டு, பஞ்சு இல்லாமல். துண்டின் நாலு மூலையையும் கத்தரியால் வட்டமாக்கியிருந்தேன். மூலை கூராக இருந்தால் சாக்ஸ் அங்கேதான் பிடித்து உரிக்கும்.

இரண்டு தடவை ஏறி இறங்கியதில் துணிப்பட்டை கால்வாசி விட்டுவிட்டது. வெள்ளைத் துண்டு அசையவில்லை. செருப்புக் கடி என்பது தோலை உள்ளே வைத்து உரசுகிற சமாசாரம். காயமான பிறகு மூடுவதைவிட, சுடுகிற மாதிரி தோன்றிய உடனே அந்த இடத்துக்கு இன்னொரு தோல் போட்டுவிடவேண்டும். போன வருஷம் நான் அந்தச் சூட்டைப் பொறுத்துக்கொண்டு ஒரு மலை இறங்கினேன். வீராப்பு.

மார்ச் 11, செவ்வாய்

மெடிக்கலில் கிடைக்காத ஹைட்ரோகொலாய்டு பட்டை பார்சலில் வந்தது. ரப்பர் அப்பளம் மாதிரி இருக்கிறது. ஒன்றின் விலைக்குக் கைநிறையச் சாதாரணப் பட்டை வாங்கலாம். கொப்புளத்தின் நீரை உறிஞ்சி உள்ளுக்குள் கூழாகி, மெத்தை மாதிரி நிற்குமாம். ஒட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்க வேண்டும். தானாகக் கழலும்வரை பிரிக்கக்கூடாது. வெள்ளையாக உப்பினால் சீழ் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் புண் சிவந்து, சுட்டு, சீழ் வைத்திருந்தால் இதைப் போட்டு மூடக்கூடாது.

மச்சானுக்கு இது வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வருகிறார். அவருக்கு வேண்டியது டார்ச். ஒவ்வொரு மலை முடிவிலும் ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்தாகவேண்டும். ஒப்புக்கொண்டார், முனகிக்கொண்டே.

மார்ச் 13, வியாழன்

பெட்டி தேடினேன். காலிப் பெருங்காய டப்பா அளவாக இருந்தது. மூன்று தடவை கழுவியும் வாசம் போகவில்லை. கடைசியில் என் மூக்குக்கண்ணாடிக் கூடு. கெட்டியானது, நசுங்காது.

துணிப்பட்டை எட்டு, அதில் இரண்டு அகலமானவை. சின்னப் பட்டையின் பஞ்சு காயத்தைவிடச் சிறிதாக இருந்தால் பசை காயத்தின்மேலேயே ஒட்டும். பிரிக்கும்போது மறுபடி ரத்தம். பிளாஸ்டிக் வகை ஒன்றுகூட இல்லை. ஹைட்ரோகொலாய்டு இரண்டு. உறையிட்ட காஸ் துணி நாலு. வெள்ளைச் சுருளை அப்படியே வைத்தால் கூட்டின் பாதியை அடைத்துக்கொள்ளும். ஒரு மீட்டர் பிரித்துப் பழைய பேனா ரீஃபிலில் சுற்றிக்கொண்டேன். சின்னக் கத்தரி. மருந்து தடவிய பட்டையா சும்மாப் பட்டையா என்று ரொம்ப யோசிக்கவில்லை. குடிதண்ணீர் விட்டு மண் போகக் கழுவுவதை எந்த மருந்துப் பட்டையும் செய்யாது.

மாப்பிள்ளை டிடி ஊசி எப்போது போட்டான் என்று அக்காவுக்கே தெரியவில்லை. நாளைக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு இரவு

உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கினோம். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைக் கிளறியவர் கண்ணாடிக் கூட்டையும் திறந்து பார்த்தார். "இந்த உறையெல்லாம் திரும்பி வரணும்" என்றார். காலி உறைக்கும் ரத்தப் பஞ்சுக்கும் ஒரு காகிதப்பை தனியாக வைத்திருந்தேன், காட்டினேன்.

பத்து மணிக்கு ஏற்றம். பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள், நல்ல நிலா. மாப்பிள்ளை புது ஷூவில் வந்திருந்தான். எத்தனை தடவை சொன்னேன்! வெள்ளைப் பிள்ளையார் கோயில் தாண்டியதும், "மாமா, குதிகால் சுடுது." அப்போதே உட்காரவைத்து, வேர்வையைத் துடைத்து, வெள்ளைத் துண்டு ஒட்டினேன். விடியும்வரை அவன் குதிகாலைப் பற்றிப் பேசவே இல்லை.

வழுக்குப்பாறைப் பக்கம் வெறுங்காலோடு வந்த ஒருவர் கல்லில் இடித்துக்கொண்டார். பெருவிரல் நகம் பிளந்து ரத்தம். பாட்டில் தண்ணீரை விட்டுக் கழுவி, காஸை வைத்து ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். பிறகு அகலப் பட்டை ஒன்றை விரல் நுனிக்குக் குல்லாய் மாதிரி முன்னிருந்து பின்னாக, இன்னொன்றைக் குறுக்கே, மேலே வெள்ளைச் சுருள் தளர்வாக ஒரு சுற்று. வெறுங்காலுக்கு எவ்வளவு தூரம் தாங்குமோ என்று நினைத்தேன். ஆறாவது மலையில் மறுபடி பார்த்தேன். குல்லாய் அப்படியே இருந்தது.

நாலாவது மலையில் மச்சானின் ஷூவுக்குள் கடலை அளவுக் கல். எப்போது புகுந்ததோ, அவருக்குத் தெரியவே இல்லை. பாதத்தில் சிவப்புப் பொட்டு, தோல் கிழியவில்லை. அதன் பிறகு அவர் முனகவில்லை.

ஆண்டி சுனையில் குளித்தால் எலும்புக்குள் குளிர் இறங்குகிறது. கணுக்காலில் ஒரு கீறலுக்கு நான் ஒட்டியிருந்த துணிப்பட்டை தண்ணீரோடு போயிற்று. தேடிப் பிடித்துக் காகிதப்பையில் போட்டேன். மாப்பிள்ளையின் வெள்ளைத் துண்டும், நான் ஏறும்போதே வலது குதிகாலில் ஒட்டிக்கொண்டதும் நின்றன. புதுப்பட்டை ஒட்ட உறையைப் பிரிக்கையில் விரல் விறைத்துப்போய், பல்லால் கிழித்தேன். சாப்பாட்டு மேஜைப் பழக்கம் இந்தக் குளிருக்கு முன்னால் எடுபடவில்லை.

உச்சியில் காற்று. தரிசனம். சூரியன். எழுதத் தெரியவில்லை.

இறங்கும்போதுதான் என் கணக்கு தவறியது. தடி வழுக்கி, மூங்கில் சிலாம்பு உள்ளங்கையில் ஏறிவிட்டது. கூட்டைத் திறந்தால் மூடுவதற்கு எல்லாம் இருக்கிறது, எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. பின்னால் வந்த ஒரு பெரியவர் அரைஞாணிலிருந்து முள்வாங்கியை அவிழ்த்தார். ஒரே இழுப்பு. "இது இல்லாம மலைக்கு வரலாங்களா?" என்றார்.

மாப்பிள்ளைக்குச் சுண்டுவிரலில் மட்டும் ஒரு கொப்புளம், உடையவில்லை. வீட்டில் ஹைட்ரோகொலாய்டு ஒட்டிவிட்டேன். நான்கு நாள் தொடாதே என்றிருக்கிறேன். தொடுவான்.

மார்ச் 18, செவ்வாய்

வலது குதிகாலில் வெள்ளைத் துண்டு இன்னும் இருந்தது. பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். தேங்காய் எண்ணெயை விளிம்பில் தடவிக் கால் மணி நேரம் விட்டேன். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

கண்ணாடியைப் பேப்பர்மேல் போட்டிருந்தேன், யாரோ அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டைத் திருப்பிக் கேட்கிறாள் இவள்.

முள்வாங்கி அத்தையின் சுருக்குப்பையில் ஒன்று இருக்கிறது, காதுக்குரும்பி எடுக்கிற கரண்டியோடு ஒரே வளையத்தில். கேட்டுப் பார்த்தேன். "நான் போன பொறகு எடுத்துக்குங்க மாப்ளே" என்றார்.