உம்மும்மாவின் கிதாபும் கல்லூரி மேசையும்

கல்லூரியிலிருந்து எங்கள் மகள் கொண்டுவந்த தாளில் அவள் பெயருக்கு நேராக மூன்று சொற்கள் எழுதப்பட்டிருந்தன: பிரியாணி, ஷெர்வானி, கவ்வாலி. பண்பாட்டுப் பன்மை விழாவில் முஸ்லிம் மாணவர்களின் மேசைக்கு விழாக் குழுவினர் வகுத்திருந்த பட்டியல் அது. தாளைச் சோற்றுத் தட்டின் அருகே வைத்துவிட்டு, "வாப்பா, இதில் எது நம்முடையது?" என்று கேட்டாள். பிரியாணியை மட்டும் தயக்கமின்றி ஒப்புக்கொண்டோம்.

எங்கள் பூர்வீகம் கீழக்கரை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கிடைத்த வேலைதான் எங்களை இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. எங்கள் வீட்டில் பேசுவதும் தமிழ், கோபம் வந்தால் ஏசுவதும் தமிழ். பூந்தமல்லியிலும் ஆம்பூர், வாணியம்பாடியிலும் உர்தூவைத் தாய்மொழியாகக் கொண்ட நம் சகோதரர்கள் இருக்கிறார்கள். ஷெர்வானியும் கவ்வாலியும் அவர்களுடைய செல்வங்கள். அவற்றின்மீது எங்களுக்கு மதிப்புண்டு. ஆனால் எங்கள் குடும்பத்து மாப்பிள்ளைகள் வெள்ளை வேட்டியும் தொப்பியும் அணிந்தே நிக்காஹ்வுக்கு அமர்ந்தார்கள்.

அதற்கு முந்திய ஆண்டும் இவ்விழா நடந்தது. அப்போது மகளை அனுப்ப நாங்கள் மறுத்துவிட்டோம். மேடையில் ஆடல் பாடல் இருக்கும், விழா வெள்ளிக்கிழமையில் வருகிறது என்று காரணங்கள் சொன்னோம். அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆயினும் அவற்றுக்கு அடியில் ஓர் அச்சமும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். கூட்டத்தில் நம் பிள்ளை வேடிக்கைப் பொருளாகிவிடுவாளோ என்ற அச்சம் அது. விழா முடிந்த மறுவாரம், நாள்தோறும் அவளுடன் உணவைப் பகிர்ந்துண்ணும் திருவேற்காட்டுத் தோழி, "உங்கள் வீட்டில் தமிழ் பேசுவீர்களா?" என்று கேட்டிருக்கிறாள். அதில் துளியும் கள்ளமில்லை. அதனால்தான் அது மகளை அதிகம் வருத்தியது.

இதே கேள்வியைத் தொழிற்சாலையில் நாங்களும் பலமுறை எதிர்கொண்டிருக்கிறோம். கேட்டவர்களை மனத்துக்குள் குறைகூறியபடி பல ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர்கள் நம்மைப் பார்த்து அறிந்துகொள்ளும் இடத்தில் நாம் என்றைக்காவது போய் நின்றோமா? சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் மனிதர் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்னும் கருத்தை ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்திலிருந்து எத்தனையோ குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். அறிந்துகொள்வது இருபுறமும் நடக்க வேண்டிய வேலை என்பது மட்டும் எங்களுக்கு உறைக்கவில்லை.

இத்தனைக்கும் பன்மை இப்பகுதிக்குப் புதிதன்று. பூந்தமல்லியில் கோல்கொண்டா சுல்தான்கள் காலத்துப் பள்ளிவாசல் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபோது, தெலுங்கரும் மலையாளிகளும் வடநாட்டவரும் வந்து குடியேறினார்கள். இன்று அந்த வேலையைக் கல்லூரிகள் செய்கின்றன. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை நிற்கும் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் ஆப்பிரிக்க மாணவர்களையும் வடகிழக்கு மாநிலத்தவரையும் காஷ்மீரிகளையும் காணலாம்.

அவர்கள் தற்செயலாக வந்துசேர்ந்தவர்கள் அல்லர். வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வரவழைக்கும் இந்தியக் கலாச்சார உறவுகளுக்கான கழகத்தை 1950இல் நிறுவியவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். ஜம்மு காஷ்மீர் மாணவர்கள் பிற மாநிலக் கல்லூரிகளில் பயில்வதற்கென 2011இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சிறப்பு உதவித்தொகைத் திட்டம், ஆண்டுக்கு 5,000 இடங்களுக்கானது. 2015இல் அறிவிக்கப்பட்ட 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு இணையாக அமைந்ததும் ஜம்மு காஷ்மீர்தான். அத்திட்டத்தின் பெயரால் கல்லூரிகளில் மன்றங்கள் இயங்குகின்றன. 2023 முதல், 18 முதல் 30 வயது வரையுள்ளவர்களை வேறு மாநிலங்களுக்கு அழைத்துச் செல்லும் யுவ சங்கமம் பயணங்களும் நடைபெற்றன. இவற்றுக்கு நம் தெருப் பிள்ளைகளில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று எங்கள் ஜமாஅத்தில் ஒருநாள் விசாரித்தோம். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் மகள் சொல்லித்தான் தெரியும்.

தாளில் இருந்த மூன்று சொற்களுக்கு மாற்றாக என்ன வைப்பது? இரண்டு நாள் யோசித்தோம். மூன்றாம் நாள் மகளே அலமாரியைத் திறந்து, பச்சைத் துணியில் சுற்றிவைத்திருந்த உம்மும்மாவின் கிதாபை எடுத்துவந்தாள். அரபுத் தமிழில் அச்சான மார்க்கச் சட்ட நூல் அது. எழுத்து அரபு, மொழி தமிழ். தமிழ் எழுத்துப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்திராத எங்கள் உம்மும்மா, அஸருக்குப் பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவார். அவர் மறைந்தபின் எங்களில் யாரும் அதைப் பிரித்ததில்லை. தூசி படியாமல் காத்ததையே பெரிய மரியாதையாக எண்ணியிருந்தோம்.

மகள் தன் மேசைக்கென ஒரு பலகை தயாரித்தாள். அரபியில் இல்லாத ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் அமைத்த விதத்தை அதில் வரைந்தாள். அரபுத் தமிழில் நூல்கள் யாத்த கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) பற்றியும் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் பற்றியும் சில வரிகள் எழுதினாள். பட்டியலை மாற்ற அனுமதி கேட்டபோது விழாவைப் பொறுப்பேற்றிருந்த பேராசிரியை மகிழ்ச்சியோடு இசைந்தார். ஜும்ஆவுக்குச் செல்லும் மாணவர்களுக்காக நடுப்பகல் நிகழ்ச்சியை ஒரு மணிநேரம் தள்ளிவைக்கவும் உடன்பட்டார். ஓராண்டு முழுவதும் கேளாமலே நாங்கள் குறைபட்டுக்கொண்டிருந்த விஷயம் அது.

பெற்றோருக்கும் அழைப்பு இருந்ததால் போயிருந்தோம். கூட்டம், சொல்லவேண்டுமா, பிரியாணி மேசையில்தான் இருந்தது. (ஆம், பிரியாணியும் வைத்தோம், அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.) கிதாபின் பக்கம் வெகுநேரம் யாரும் வரவில்லை. பிறகு சூடான் நாட்டு மாணவர் ஒருவர் கையில் தட்டோடு வந்து குனிந்து பார்த்தார். தம் எழுத்து என்று கண்டவுடன் தட்டைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். இரண்டு சொற்களுக்குள் அவர் முகம் மாறியது. எழுத்து தெரிகிறது, பொருள் ஒன்றும் விளங்கவில்லை. புள்ளி கூடிய எழுத்துகள் வரும்போதெல்லாம் தடுக்கி நின்றார். மகள் ஒலியை எடுத்துக்கொடுக்க, மீண்டும் மெல்ல வாசித்தார்.

அருகில் நின்ற திருவேற்காட்டுத் தோழி திடீரென்று, "தண்ணீர்! தண்ணீர் என்றுதானே படிக்கிறார்?" என்று கூவினாள். ஒளுவுக்குரிய தண்ணீரைப் பற்றிய பகுதி அது. அவர் தொடர்ந்து வாசித்தார். அவள் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துப் பொருள் சொன்னாள். வாசித்தவருக்கு மொழி தெரியாது. பொருள் சொன்னவளுக்கு எழுத்து தெரியாது. எங்கள் உம்மும்மாவின் பக்கம் ஒன்றை அவ்விருவரும் சேர்ந்து படித்து முடித்தார்கள். நாங்கள் இருவரும் சற்று விலகி, தூணருகே போய் நின்றுகொண்டோம். கண்களைத் துடைக்க வேண்டியிருந்தது.

பாரமுல்லாவிலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தி பலகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காஷ்மீரி மொழியின் உயிரொலிகளுக்காகத் தாங்களும் இப்படித்தான் குறிகள் கூட்டிக்கொள்கிறோம் என்று தன் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினாள். மலாய் மொழிக்கு ஜாவி இருப்பதையும், சுவாஹிலியும் ஹௌஸாவும் அரபு எழுத்தில் எழுதப்பட்டதையும் மகள் அவளுக்குச் சொன்னாள். எங்களிடம் சொல்லாத செய்திகள் இவை, எப்போது படித்தாளோ!

அன்று வீடு திரும்பும்போது பேருந்தில், "அவர்களுக்குக் காட்டினோம், நமக்கே படிக்கத் தெரியவில்லையே உம்மா" என்றாள். எங்களிடம் பதில் இல்லை. இப்போது இஷாவுக்குப் பிறகு நாளொன்றுக்கு அரைப்பக்கம் என்று மூவரும் அமர்கிறோம். சனிக்கிழமைகளில் திருவேற்காட்டுத் தோழியும் வந்துவிடுகிறாள். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு சொல் இரண்டு நாளாக அகப்படாமல் நிற்கிறது. கீழக்கரையிலிருக்கும் பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, பகலில்தான் அழைக்க முடியும்.