இரண்டு கைகள் கட்டிய சேலை

செம்பட்டி வழியாகப் போயிராதவர்கள் திண்டுக்கல் சீமையில் சிலரே. செம்பட்டியில் இறங்கி நின்று பார்த்தவர்கள் அவர்களிலும் சிலர். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போகும் சாலையும், நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போகும் சாலையும் அங்கே சந்திக்கின்றன. ஆகையால் பிரயாணிகள் அவசரமாகக் காப்பி சாப்பிட்டு, ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். மேற்கே பழனி மலைத் தொடர் நீலமாய் நிற்கிறது. கிழக்கே சிறுமலை நிற்கிறது. அவற்றை ஏறிட்டுப் பார்க்க யாருக்கும் அவகாசமில்லை.

நாமும் நெடுநாளாக அப்படிப்பட்ட பிரயாணிதான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, கையில் ஒரு துணி மூட்டையுடன் அந்த நாற்சந்தியில் வெகுநேரம் நிற்கும்படி நேர்ந்தது. மூட்டையில் இருந்தது நம் தாயாரின் பழைய சுங்குடிச் சேலை. அரக்கு நிறம், உடலெங்கும் அரிசியை இறைத்தாற்போல் வெண்புள்ளிகள். தாயார் போய்ப் பல வருஷங்களாகின்றன. சேலையும் நடுவில் நைந்து கிழிந்துவிட்டது. நல்ல பகுதியை வெட்டி, வீட்டுக் குழந்தைக்குப் பாவாடை தைப்பதென்று ஏற்பாடு. சட்டைக்கு ஏற்ற துணியும், வீட்டுக்கு ஒரு புதுச் சுங்குடியும் சின்னாளப்பட்டியிலேயே வாங்கிவர வேண்டுமென்று உத்தரவு. வீட்டு உத்தரவுக்கு அப்பீல் கிடையாது என்பதை நேயர்கள் அறிவார்கள்.

செம்பட்டிக்குக் கிழக்கே, சிறுமலையின் அடிவாரத்தில் இருக்கிறது சின்னாளப்பட்டி. நெசவாளர் ஊர். ஒரு காலத்தில் செயற்கைப் பட்டு நூலில் இங்கே நெய்த சேலைகள், காஞ்சிபுரத்துக்குக் கை எட்டாத குடும்பங்களின் கல்யாணங்களைச் சிறப்பித்தன. சுங்குடியும் இவ்வூருக்குப் பெயர் தந்தது. ஆனால் சுங்குடியின் பூர்விகம் மதுரை. நாயக்க மன்னர் காலத்தில் அங்கே குடியேறிய சௌராஷ்டிரப் பெருமக்கள் வளர்த்த கலை அது. குஜராத்தின் பாந்தனித் துணிக்கு அது ஒரு வகையில் தங்கை முறை. 2005-ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கடைக்காரர் நம் முன் இரண்டு சேலைகளை விரித்தார். இரண்டும் பருத்தி, இரண்டிலும் புள்ளிகள். ஒன்றைவிட மற்றொன்று இரண்டு மடங்குக்கு மேல் விலை! காரணம் கேட்டோம். விலை குறைந்தது மெழுகு அச்சு. உருக்கிய மெழுகில் அச்சைத் தோய்த்துத் துணியில் பதிக்கிறார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரிலிட்டு மெழுகை நீக்கினால் சித்திரம் தெரிகிறது. அதுவும் கைவேலைதான், அழகும் குறைவில்லை. விலை அதிகமானது கட்டுச் சுங்குடி. ஒவ்வொரு புள்ளியும் விரல் நுனியால் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கிய ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் சாயம் புகாததால், அவிழ்த்ததும் அங்கே ஒரு வெண்புள்ளி மலர்கிறது. ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் உண்டு.

"எல்லாம் சரி, விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்றோம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் துணிக்கடையை விட்டு வந்த மத்தியதரக் குடும்பஸ்தன் தமிழ்நாட்டில் உண்டோ?

கடைக்காரர் கோபிக்கவில்லை. "கட்டுகிறவர்களையே ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், ஸார்" என்று ஒரு பையனைத் துணைக்கு அனுப்பினார்.

பையன் அழைத்துச் சென்ற வீட்டுத் திண்ணையில் ஒரு மூதாட்டி உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் துணியைப் பார்க்கவில்லை. கண்கள் நம்மைப் பார்த்தன. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினோம். நிமிஷத்துக்கு ஏழு முடிச்சு. 10,000 முடிச்சுள்ள சேலையென்றால் கிட்டத்தட்ட 24 மணி நேரம். சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் இடையே தினம் நான்கு மணி நேரம் கட்டினாலும் ஆறு நாள். வகுப்பில் எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறோம். விடை கண்டு வெட்கப்பட்டது அன்றுதான்.

அவரிடம் நம் மூட்டையை அவிழ்த்துக் காட்டினோம். சேலையை மடியில் போட்டு, தலைப்பிலிருந்து மெல்ல மெல்லத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதை ரெண்டு பேர் கட்டியிருக்காங்க, ஸார்."

"எப்படித் தெரிகிறது, அம்மா?"

"இதுவரைக்கும் ஒரே கை. புள்ளியெல்லாம் சின்னதா, நெருக்கமா இருக்கு பாருங்க. இதுக்கப்புறம் புள்ளி பெரிசு. சில இடத்திலே நூல் நழுவியிருக்கு. சின்னப் பொண்ணு கட்டினது. ஆத்தாக்காரி அடுப்பைக் கவனிக்கப் போயிருப்பா, மக உட்கார்ந்திருப்பா. நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன், எட்டு வயசிலே."

தாயார் அந்தச் சேலையை உடுத்த காலமெல்லாம் நாம் பார்த்ததுண்டு. அதில் ஒரு சிறுமியின் பகல்கள் முடிச்சிடப்பட்டிருப்பதை மட்டும் பார்த்ததில்லை.

"உங்கள் பேத்தி கட்டுகிறாளா, அம்மா?" என்று கேட்டோம்.

"அவ பள்ளிக்கூடம் போறா. நீங்கதானே போகச் சொல்றீங்க?" என்று சொல்லிச் சிரித்தார்.

நம்மால் சிரிக்க முடியவில்லை. நாம் உபாத்தியாயத் தொழில் செய்கிறவர். பெண் குழந்தையைத் திண்ணையிலிருந்து எழுப்பி வகுப்பில் உட்காரவைப்பதே நம் தர்மம். அப்படியிருக்க, அதே வாயால், "அந்தக் காலத்துக் கைவேலை இப்போது எங்கே?" என்று அங்கலாய்ப்பதும், விலையைக் குறைக்கச் சொல்வதும் எந்த நியாயம்? பழைய சுங்குடி மலிவாகக் கிடைத்ததென்றால், அந்த மலிவில் ஒரு பகுதியைச் சின்னஞ்சிறு விரல்கள் செலுத்தின. இனி அதை வாங்குகிறவர்கள்தாம் செலுத்த வேண்டும்.

திரும்பும் வழியில் காந்திகிராமம். 1947-இல் டாக்டர் சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும் தோற்றுவித்த ஸ்தாபனம். கல்வியும் கைத்தொழிலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்ற காந்தியக் கொள்கையின் மேல் எழுந்தது; 1956-இல் கிராமியக் கல்வி நிலையமாகவும், 1976-இல் பல்கலைக்கழகத்துக்கு ஒப்பான நிலையாகவும் வளர்ந்தது. அதன் வாயிலைக் கடக்கும்போது, 1921 செப்டம்பர் 22-ந் தேதி மதுரையில் மகாத்மா தம் உடையைக் குறைத்து முழத்துண்டுக்கு மாறியது நினைவுக்கு வந்தது. கதர் வாங்கவும் வசதியில்லாத ஏழைகளை எண்ணி அவர் அப்படிச் செய்தார். துணியை வாங்கும்போது, அதை உண்டாக்கியவரையும், அது கிட்டாதவரையும் சேர்த்து நினைக்கச் சொன்ன பாடம் அது. பாடம் நடந்த ஊர் நமக்கு அடுத்த ஊர்தான்; படித்தவர்கள் நாம் எத்தனை பேர்?

கட்டுச் சுங்குடியைக் கேட்ட விலைக்கே வாங்கினோம். பள்ளிக்கூடத்துக் கைத்தொழில் வகுப்பில் ஒரு நாள் வந்து முடிச்சுப் போடக் கற்றுத்தர முடியுமா என்று அந்த மூதாட்டியைக் கேட்டோம். "பஸ் சத்தமும் கூலியும் கொடுத்தா வரேன்" என்றார். அதுதான் சரியான பதில். பெண்களும் பையன்களும் சேர்ந்தே கற்கட்டும். பிழைப்புக்காக அல்ல, ஒரு புள்ளியின் விலை தெரிவதற்காக.

பாவாடை விஷயம் பாக்கியிருக்கிறது. முதலில் பத்திரிகைக் காகிதத்தில் அளவு வெட்டிப் பார்த்தோம். நைந்த நடுப்பகுதி போக, இருபுறமும் நல்ல துணி மிஞ்சியது. கரை அடியில் வரும்படி மடித்து, குழந்தை வளர வளரப் பிரித்துவிட உள்ளே இரண்டு மடிப்பும் வைத்தாயிற்று. துண்டு துணியில் ஒரு சுருக்குப்பை. அதன் வாயில் குரோஷா ஊசியால் பின்னிய வெள்ளை லேஸ். நறுக்கெனத் தைத்துக் கொடுத்தார் தையற்காரர். ஆனால் எந்தப் பகுதியைப் பாவாடைக்கு எடுப்பது என்பதை மட்டும் குழந்தையே தீர்மானித்தாள்.

சீராக, நெருக்கமாகப் புள்ளியிட்ட பகுதியை அவள் தொடவில்லை. "சின்னப் பொண்ணு கட்டினதுதான் எனக்கு வேணும்" என்றாள்.