பச்சைப் பாதையில் ஒரு பொழுது

எடின்பரோவில் வாழும் தமையனாரிடம் சென்றிருந்தபோது, அந்நகருக்குத் தெற்கே பீபிள்ஸ் என்னும் ஊரையடுத்த கிளென்ட்றெஸ் மலைக்காட்டிற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். 2023இல் துவிச்சக்கர வண்டி உலகப் போட்டிகளுட் சில நிகழ்ந்த காடு அது. அங்குள்ள வண்டிப் பாதைகளை நிறத்தால் தரம் பிரித்துள்ளனர்: பச்சை பழகுவோர்க்கு; நீலம் சற்றுத் தேர்ந்தோர்க்கு; சிவப்பும் கறுப்பும் வல்லவர்க்கு.

மகன் நீலத்தையே நாடினான். மகளோ சரளையில் வழுக்கியதும் வண்டியைப் போட்டுவிட்டு அழுதாள். வகுப்பில் நாற்பது மாணவரையும் ஒரே வேகத்தில் நடத்திப் பழகிய நான், "எல்லாரும் பச்சையிலேயே போவோம்" என்றேன். மனைவி இசையவில்லை. "அவன் பெரியப்பாவுடன் போகட்டும், நீங்கள் பிள்ளையுடன் வாருங்கள்" என்றாள்.

ஊசியிலை மரநிழலில் மெல்ல உருட்டினோம். மூன்றாம் சுற்றில் மகள் காலூன்றாமலே வளைவைக் கடந்தாள். ஊன்றியவன் நான்தான்.