புது பல்ப் வாங்க முதல், செத்த பல்ப்பைப் பாருங்கள்



மாரி தொடங்கியதிலிருந்து என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி பாடத்தைப் பற்றியது இல்லை. "சேர், காருக்குப் புது ஹெட்லைட் பல்ப் போட்டு ஒரு மாசம் ஆகல்ல, திரும்பவும் பியூஸ் போயிட்டு. என்ன காரணம்?" என்பதுதான். விஞ்ஞானம் படிப்பிக்கிறவருக்கு மோட்டார் வேலையும் தெரியும் என்று நினைக்கிறார்கள். நான் பாஸ் இல்லை. ஆனாலும் பல்ப் ஏன் போகிறது என்பது தரம் 10 பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாருக்குமாக ஒருமுறை எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

"ஒரு பக்கம்தானே போயிருக்கு, மற்றப் பக்கம் எரியுதுதானே" என்று வாரக்கணக்கில் ஓடுகிறவர்களுக்கு முதலில் ஒன்று. ஒற்றை லைட்டோடு வருகிற காரை எதிரே வருகிறவர் மோட்டார் சைக்கிள் என்றுதான் நினைப்பார். நாம் இடது பக்கம் ஓடுகிற நாட்டில் இருக்கிறோம். போனது வலது லைட் என்றால், அவர் காண்கிற அந்த ஒரு வெளிச்சம் பாதையின் ஓரத்தில் இருக்கும். காரின் மீதி உடம்பு இருட்டில் அவர் பக்கம் நீட்டிக்கொண்டு வரும். "சைக்கிள்தானே, இடம் காணும்" என்று அவர் ஓவர்டேக் எடுத்தால் என்ன நடக்கும்? 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர் போகிறோம். பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே ஒரு வகுப்பறையின் நீளத்தைத் தாண்டிவிடுவோம். பொத்துவில் வீதியில் படுத்துக் கிடக்கிற மாடும், பின்லைட் இல்லாத உழவு இயந்திரமும், மகாஓயாப் பக்கம் குறுக்கே வருகிற யானையும் நமக்காக விலகி நிற்கப் போவதில்லை.

எங்கள் வாகனங்களும் பழசு. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். கடையில் கிடைத்த பல்ப்பைப் பூட்டினோம். இன்றைக்கு வருகிற பிரச்சினைகளில் பல அங்கே தொடங்கியவை.

போன வருடம் என் மச்சானின் சின்னக் காரில் இடது பக்க பல்ப் மட்டும் நாலு தரம் போனது. ஒவ்வொரு தரமும் கடைக்காரர் "இது நல்ல சாமான்" என்று ஒன்றைக் கொடுப்பார். கடைசியில் ஒரு கராஜில், "கரண்ட் கூட வருது, ஒல்டனேட்டர் மாத்தணும்" என்று பெரிய கணக்கொன்று சொன்னார்கள். மச்சான் என்னிடம் வந்து, "மச்சான், இந்தக் காருக்குள்ள ஷைத்தான் இரிக்கோ தெரியா" என்றார்.

நான் கேட்டது ஒரே கேள்வி: "வலது பக்க பல்ப் எத்தனை தரம் போனது?"

"அது கார் வாங்கின நாள்ல இரிந்தது."

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. இரண்டு லைட்டுக்கும் கரண்ட் வருவது ஒரே பெட்டரியிலிருந்து, ஒரே ஒல்டனேட்டரிலிருந்து. அங்கே கோளாறு என்றால் இரண்டு பக்கமும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்பப் போனால் கோளாறு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது: பூட்டிய விதம், ஹோல்டர், வயர், ஈரம், ஆட்டம். இந்த ஒரு கேள்வி ஒல்டனேட்டர் காசை மிச்சப்படுத்தியது. மல்டிமீட்டர் வைத்தும் பார்த்தோம். இஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட். ஒரு குறையும் இல்லை.

அடுத்து, செத்த பல்ப்பைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது காரணத்தைச் சொல்லும்.

கண்ணாடி சுத்தமாக இருந்து, உள்ளே இழை நடுவில் பட்டென்று அறுந்திருந்தால், பெரும்பாலும் அதிர்வு. அறுந்த நுனி உருகிக் குண்டாகத் திரண்டிருந்தால் வோல்ட் கூடியிருக்கலாம். கண்ணாடியின் உட்பக்கம் கறுத்தோ வெள்ளிப் பூச்சு போலவோ இருந்தால் அது தன் ஆயுளை முடித்த பல்ப், யாரிலும் குற்றமில்லை. உள்ளே வெண்மையாக அல்லது மஞ்சளாகத் தூள் படிந்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது, கண்ணாடியில் வெடிப்பு இருக்கும். கண்ணாடியில் ஓரிடம் கொப்பளம் போட்டது போல உப்பியிருந்தால் எண்ணெய் அல்லது அழுக்கு பட்டிருக்கிறது.

மச்சானின் பல்ப்புகளில் இரண்டு டாஷ்போர்டுக்குள் கிடந்தன. இரண்டிலும் கண்ணாடி தெளிவு, இழை நடுவில் அறுந்திருந்தது. பொனட்டைத் திறந்து கையால் ஆட்டிப் பார்த்தால் பல்ப் கடகடவென்று ஆடுகிறது. முன்பு அந்தப் பக்கத்தில் யாரோ எல்ஈடி ஒன்றைப் பூட்டப் பார்த்து, இடம் காணாமல் கம்பிக் கிளிப்பை வளைத்திருக்கிறார்கள். பின்னால் மூடுகிற றப்பரையும் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். கிளிப்பை நிமிர்த்தி, றப்பர் ஒன்று தேடிப் போட்டு, கருகியிருந்த ஹோல்டரை மாற்றினோம். அதன் பிறகு அந்தப் பல்ப் போகவில்லை.

இனி, இரண்டு பக்கமும் அடிக்கடி போகிறது என்றால் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரைப் பெட்டரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். இஞ்சின் நிற்கும்போது 12.5 அளவில் இருக்கும். ஸ்டார்ட் செய்து லைட்டைப் போட்டுக் கொஞ்சம் அக்ஸிலரேட்டர் கொடுத்தால் பெரும்பாலான கார்களில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்கும். 15ஐத் தாண்டினால் ஒல்டனேட்டரின் ரெகுலேட்டர் பழுது. ஹலஜன் பல்ப்புக்கு வோல்ட் வெறும் 5 வீதம் கூடினாலே ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் ஒல்டனேட்டரே கிடையாது, கொன்வேர்ட்டர் ஒன்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. அதில் கை வைக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய மோட்டார் சைக்கிள்களில் அக்ஸிலரேட்டர் கூட்டும்போது வெளிச்சம் பளிச்சென்று ஏறி பல்ப் போனால், அங்கேயும் முதலில் ரெகுலேட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

லூஸ் தொடர்பும் பல்ப்பைக் கொல்லும். நம் புத்தகத்தில் தங்குதன் என்று படிக்கிற அந்த இழையின் தடை, குளிர்ந்திருக்கும்போது எரியும்போது இருப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். அதனால் லைட் போடுகிற அந்தக் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. ஹோல்டர் லூஸாகி, குழியில் விழும்போதெல்லாம் லைட் அணைந்து பத்தினால், ஒரு பயணத்தில் நூறு தரம் சுவிட்ச் போட்ட மாதிரி. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றுக்கு ஹோல்டரும் ஏர்த் வயர் முனையும் பச்சை பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றிச் சுரண்டிவிடுங்கள்.

பூட்டும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது. நம் கையில் எப்போதும் எண்ணெய்ப் பசை இருக்கும். அது பட்ட இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சுட்டு, கண்ணாடி பலவீனப்படும். தகரப் பகுதியில் பிடியுங்கள். பட்டுவிட்டால் பாமசியில் விற்கிற ஸ்பிரிட்டில் துணி நனைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு பூட்டுங்கள்.

"வெளிச்சம் காணாது" என்று 100/90 வொட் பல்ப் போடுகிறவர்களுக்கும் ஒரு சின்னக் கணக்கு. 60 வொட் பல்ப் 12 வோல்ட்டில் 5 அம்பியர் எடுக்கிறது. 100 வொட் 8 அம்பியருக்கு மேல் எடுக்கிறது. வயரும் சுவிட்சும் ஹோல்டரும் 5க்குச் செய்தவை. ஹோல்டர் உருகும், ரிஃப்லெக்டர் மங்கும், பிறகு எந்த பல்ப் போட்டாலும் வெளிச்சம் வராது. "பிளஸ் 100", "பிளஸ் 130" என்று வருகிற பல்ப்புகள் நல்ல கம்பனியாக இருந்தாலும் ஆயுள் குறைந்தவை. அதிக வெளிச்சத்துக்கு நாம் ஆயுளால் விலை கொடுக்கிறோம். நீலக் கண்ணாடி பல்ப் வெள்ளையாகத் தெரியும், ஆனால் அந்த நீலம் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தடுத்துவிடுகிறது.

எல்ஈடி போவது பெரும்பாலும் சூட்டினால். அதன் சூடு பின்பக்கமாகத்தான் இறங்குகிறது. பின்னால் சின்ன ஃபேன் சுற்றும். இடமில்லாமல் இறுக்கி மூடினாலோ, தூசி அடைத்து ஃபேன் நின்றாலோ கதை முடிந்தது. பெட்டியில் "200 வொட்" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஒரு பல்ப் உண்மையாகவே 200 வொட் என்றால் 16 அம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும், 10 அம்பியர் பியூஸ் அதைத் தாங்காது. வாகனத்தில் ஸீனன் லைட் இருந்தால் நீங்களாகத் திறக்க வேண்டாம். பத்த வைக்கும்போது அதில் 20,000 வோல்ட் அளவில் பாய்கிறது.

கடைசியாக ஒன்று. ஹலஜனுக்குச் செய்த ரிஃப்லெக்டரில் கண்ட எல்ஈடியையும் பூட்டினால், வெளிச்சம் பாதையில் விழாமல் எதிரே வருகிறவரின் கண்ணில் விழுகிறது. டிம் பண்ணினாலும் குறையாது. சுபஹுக்கு இருட்டில் நடந்து வருகிற நம் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். நமக்கு முன்னால் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனால் நம் வெளிச்சத்தில் கண் கூசிய எதிர் வாகனக்காரருக்குப் பாதை ஓரத்தில் நடக்கிறவர் தெரிய மாட்டார். பாதையில் கிடக்கிற முள்ளை எடுத்துப் போடுவது நன்மை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நாமே காசு கொடுத்து ஒரு முள்ளை வாங்கி முன்னால் கட்டிக்கொண்டு போகலாமா?

இன்றிரவு காரை ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். இரண்டும் எரிகிறதா, ஒரே உயரத்தில் விழுகிறதா, ஒன்று மங்கலா? இரண்டு நிமிஷ வேலை. மங்கலாக இருந்தால் பல்ப்புக்கு முதல் ஹோல்டரையும் ஏர்த்தையும் பாருங்கள். இந்த வேலை தெரிந்த பாஸ்மார் இதை வாசித்தால், நான் விட்ட விஷயங்களைக் கீழே சேர்த்துவிடுங்கள். எல்லாருக்கும் உதவும்.