கம்பியின் இயல்பளவு

தருமபுரி மாவட்டத்தில் உள்ள, ‘சேலம் நியூ’ என்றும் குறிக்கப்படும் பவர் கிரிட் துணைமின் நிலையத்தையும் கர்நாடகத்தின் மதுகிரியையும் இணைக்கும் மின்பாதை, 765 கிலோவோல்ட்டுக்கென்றே கட்டப்பட்டும் தொடக்கத்தில் 400 கிலோவோல்ட்டில்தான் இயக்கப்பட்டது. கோபுரமும் கம்பியும் மாறாதிருக்க, அந்தப் பாதைக்கு இயல்பாகப் பொருந்தும் சுமை மட்டும் ஏன் பல மடங்கு வேறுபடுகிறது என்பதை விளக்குவது சிறப்பியல்பு மின்னெதிர்ப்பு என்னும் அளவு.

ஓடும் மின்னோட்டம் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலத்தையும், மின்னழுத்தம் கம்பிகளுக்கிடையே மின்புலத்தையும் உண்டாக்குகின்றன. முன்னதன் அளவான மின்தூண்டல் எண்ணை, பின்னதன் அளவான மின்தேக்குத்திறனால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் இந்த எதிர்ப்பு கிடைக்கும். ஓம் என்ற அலகில் சொல்லப்பட்டாலும் இது கம்பியைச் சூடாக்கும் மின்தடை அன்று. பாதை 10 கிலோமீட்டராயினும் 200 கிலோமீட்டராயினும் மாறாதது. டவர் லைனை அண்ணாந்து பார்த்தால், ஒரே பேஸுக்கு நான்கோ ஆறோ கம்பிகள் இடைத்தாங்கிகளால் விலக்கி நிறுத்தப்பட்டிருப்பது தெரியும். அந்தக் கொத்து ஒரே பருத்த கம்பிபோல் செயல்படுவதால், ஒற்றைக் கம்பிக்கு ஏறத்தாழ 400 ஓம் இருக்கும் எதிர்ப்பு 260 ஓம் அளவுக்குத் தாழ்கிறது.

பாதையின் முனையில் அதே அளவு எதிர்ப்புள்ள சுமை அமைந்தால், பாதையில் வரும் மின்னலை முழுவதும் அதில் அடங்கிவிடும். அமையாவிட்டால் ஒரு பகுதி திரும்பிவரும். தூரதர்ஷன் காலத்து மொட்டைமாடி ஆன்டெனாவின் 300 ஓமை 75 ஓம் கேபிளோடு நேரே முறுக்கியிருந்தால், கிடைத்த சிறு திறனிலும் 36 விழுக்காடு வீணாகியிருக்கும். அதைத் தடுத்தது இடையில் வைத்த தீப்பெட்டியளவுப் பொருத்தி.

மின்னழுத்தத்தின் வர்க்கத்தை இந்த எதிர்ப்பால் வகுத்தால் வருவது இயல்புச் சுமை: 260 ஓம் பாதைக்கு 400 கிலோவோல்ட்டில் ஏறத்தாழ 615 மெகாவாட், 765 கிலோவோல்ட்டில் 2,250 மெகாவாட். இதைப் பாதையின் உச்சவரம்பு என்று கொள்வது பிழை. குறும்பாதைகள் இதைவிட மிகுதியாகவே சுமக்கின்றன. இதற்கு மேல் சுமை ஏறினால் முனையில் அழுத்தம் தாழும், குறைந்தாலோ உயரும். மழை பெய்து பம்புசெட்டுகள் ஓய்ந்த நள்ளிரவில், அனுப்பும் முனையைவிடப் பெறும் முனையில் அழுத்தம் மிகும் ஃபெரான்டி விளைவு தலைதூக்க, மிகையான மின்தேக்கத்தை ஈடுசெய்யும் ரியாக்டர்களைப் பொறியாளர்கள் இணைக்கிறார்கள். அதுவும் போதாதபோது, பழுதில்லாத பாதைகளில் ஒன்றையே விடியும்வரை துண்டித்து வைக்கிறார்கள்.