மெருகிடும் தொழில்

துலக்குதல் வேறு; மெருகிடுதல் வேறு. செம்புப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கும்போது மேலே ஏறிய களிம்பு நீங்கிச் செம்பு வெளிப்படுகிறது. மணிக்கல்லைச் சாணையிடுவோரோ கல்லையே சிறிது தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ஒளியைக் காட்டுகிறார். முன்னதில் போவது அழுக்கு. பின்னதில் போவது பொருள். மாணவர்களுக்குச் சொற்பொருள் நுட்பம் கற்பிக்கையில் இவ்வேறுபாட்டை நாம் பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வருகிறோம். அண்மையில் ஒரு நிக்காஹ் பேச்சின் நடுவிலும் இதனை எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.

நம் தமக்கையின் மகன் பொறியியல் படித்தவன். ஷார்ஜாவில் கார்களுக்கு மெருகிடும் பட்டறை ஒன்றில் ஆறாண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, தாம்பரத்திற்கு அப்பால் சொந்தமாக ஒரு கொட்டகை அமைத்திருக்கிறான். 'டீடெய்லிங்' என்று இத்தொழிலுக்குப் பெயர். அவனுக்குப் பெண் பேசிய இடத்தில், பெண்ணின் தந்தை நமக்கு நெடுநாள் பழக்கமானவர். அவர் தொலைபேசியில் அழைத்து, "ஹஜ்ரத், மாப்பிள்ளை வண்டி கழுவுற வேலை பார்க்கிறார்னு சொல்றாங்க. நீங்க நேர்ல பார்த்து உள்ளதைச் சொல்லுங்க. நீங்க சொன்னா எங்களுக்குப் போதும்" என்றார். நம் மச்சானுக்கோ மகன்மீது வேறொரு மனக்குறை. "இதுக்காகவா நிலத்தை வித்துப் படிக்க வச்சேன்?" என்பது அவருடைய கேள்வி. உறவென்பதற்காக நாம் கூட்டியும் சொல்லலாகாது, குறைத்தும் சொல்லலாகாது. எனவே விடுமுறையில் இரண்டு நாட்கள் அக்கொட்டகையில் போய் அமர்ந்தோம்.

கருநிறக் கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பார்வைக்குப் பளபளப்பாகவே இருந்தது. மருமகன் ஒரு கைவிளக்கை அதன்மேல் காட்டினான். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல வட்டவட்டமாக மெல்லிய கோடுகள் தோன்றின. உண்மையில் அவை வட்டமானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் கிடக்கும் கீறல்களுள் ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் நம் கண் அவற்றை வட்டமாகக் கூட்டிக்கொள்கிறது. "மாமு, இதெல்லாம் துடைச்சதால வந்த கீறல். தினமும் காலைல ஒருத்தர் பாசமாத் துடைச்சிருக்கார்" என்றான்.

புழுதியில் நுண்மணல் உண்டு. மணலின் குவார்ட்சு வண்ணப்பூச்சைவிடக் கடினமானது. உலர்ந்த துணியால் அதனைத் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குத் தூரத்து உறவு. துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் நம் ஊர் வழக்கத்தால் பளபளப்பு ஒரு நாழிகை கூடலாம், கீறல் குறைவதில்லை. முறைப்படி கழுவுவதற்கு இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். கழுவும் கையுறையை வெறும் நீரில் அலசி மணலை உதிர்த்த பின்னரே மீண்டும் ஷாம்பு நீரில் தோய்க்கிறான். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் வெயிலில் காய்ந்தால் சுண்ணாம்பு வளையங்கள் பதிந்துவிடும். ஆகவே கழுவிய கையோடு தடித்த மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுகிறான்.

அதன் பிறகும் வண்டி சுத்தமாகவில்லை என்றதுதான் நமக்கு வியப்பு. சக்கரங்களின்மேல் ஒரு நீர்மத்தைத் தெளித்தான். சற்று நேரத்தில் கத்திரிப்பூ நிறத்தில் அது வழிந்தோடியது. பிரேக் தேய்ந்து பறந்த இரும்புத் துகள் உள்ளே குத்தி நின்றிருக்க, அந்த நீர்மம் இரும்போடு கூடி நிறம் மாறுகிறதாம். நாற்றம் சொல்லி முடியாது. எஞ்சிய துகள்களைப் பிசைந்த மாவு போன்ற ஒருவகைக் களிமண் கட்டியை வழவழப்பான நீரோடு தேய்த்து எடுத்தான். இவ்வளவும் துலக்குதலைச் சேர்ந்தவை.

மெருகிடுதலுக்கு முன் கைக்கடக்கமான ஒரு கருவியை எடுத்து, பானட்டிலும் கூரையிலும் கதவுகளிலுமாக இடம் இடமாக வைத்து எண்களைக் குறித்துக்கொண்டான். அது பூச்சின் கனத்தை அளப்பது. இக்காலக் காரின் தகட்டின்மேல் அடிப்பூச்சும் நிறப்பூச்சும், அவற்றுக்கு மேல் நிறமற்ற தெளிபூச்சும் உண்டு. எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதில் தெளிபூச்சின் பங்கு 40 அல்லது 50. ஒரு மில்லிமீட்டர் 1000 மைக்ரான் ஆகும். நாம் எழுதும் தாள் ஏறத்தாழ 100 மைக்ரான் கனமுடையது. ஆக அவனுடைய தொழில் முழுவதும் அரைத் தாளின் கனத்துக்குள் நடக்கிறது! வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அந்த அரைத் தாள்தான். அதனைக் கண்டபடி தேய்த்தவனுடைய வண்டி அன்று கண்ணாடியாக ஒளிரும். சில ஆண்டுகளில் தோலுரியத் தொடங்கும். தேய்ந்தது திரும்ப வளராது. கருவியோ மொத்தக் கனத்தைச் சொல்லுமேயன்றித் தெளிபூச்சு தனியே எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. அதை ஊகிப்பது செய்பவனின் அனுபவமும் அச்சமுமே.

பழைய அம்பாசிடர் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்கு மெருகேற்றினால் வண்டியின் நிறமே துணியில் ஒட்டிக்கொண்டு வரும். எவ்வளவு போகிறது என்பதைத் துணியே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது நிறமற்ற பூச்சு தேய்வதால் எடுப்பவனுக்கும் தெரிவதில்லை, கொடுப்பவனுக்கும் தெரிவதில்லை.

எந்திரங்கள் இருவகை. ஒரே அச்சில் சுழல்வது ஒன்று. அது வேகமாக வெட்டும். ஓரிடத்தில் நின்றால் சூடேறிப் பூச்சைப் பொசுக்கிவிடும். சுழன்றுகொண்டே சற்று விலகி ஆடுவது மற்றொன்று. இத்தாலியில் 1947-இல் தொடங்கப்பட்ட ரூபெஸ் நிறுவனத்தார் 15, 21 மில்லிமீட்டர் ஆட்டமுள்ள எந்திரங்களைச் செய்து, பழகுவோர் கைக்கும் ஏற்றதாக இதனை ஆக்கினர். விளிம்புகளில் பூச்சு மெலிந்திருக்கும் என்பதால் அங்கெல்லாம் காகித நாடா ஒட்டிவிட்டு, அலுமினியம் ஆக்ஸைடு கலந்த கம்பவுண்டை முதலில் கம்பளித் திண்டாலும் பின்னர் நுரைத் திண்டாலும் ஓட்டினான். வலை மறைந்தது. கதவில் ஒரு நீண்ட கீறல் மட்டும் இருந்தது. அதன் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்த்தான், நகம் மாட்டியது. "இதை எடுத்தா அடியில ஒண்ணும் மிஞ்சாது மாமு" என்று அப்படியே விட்டுவிட்டான். வண்டிக்குரியவர் அதற்காக வாதாடினார். இவன் எண்களைக் காட்டினான். அவர் அரைமனத்தோடு போனார்.

மெழுகு பற்றியும் ஒரு சொல். இத்தொழிலில் பெயர்பெற்ற மெழுகு பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் கார்னாபா என்னும் பனையின் ஓலையிலிருந்து வருகிறது. வறட்சியில் நீர் ஆவியாகாதிருக்க ஓலை தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. ஓலையை உலர்த்தி அடித்தால் உதிரும். சுமார் 82 பாகை சூட்டில்தான் உருகத் தொடங்கும் என்பதால் நம் வெயிலுக்கும் ஈடுகொடுக்கும். மிட்டாய்களுக்கும் மாத்திரைகளுக்கும் பளபளப்பூட்டுவதும் இதுவே. மெழுகு மேலே படிவதேயன்றி எதையும் எடுப்பதில்லை. இப்போதைய 'செராமிக்' பூச்சும் சிலிக்காவைக் கொண்டு அவ்வாறே மேலே படிவதுதான், நெடுநாள் நிற்கும். அமெரிக்காவின் மெகுவயர்ஸ் நிறுவனம் 1901-இல் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் செய்யவே தொடங்கியதாம். மேசைக்குச் செய்தது காருக்கு வந்திருக்கிறது.

ஞாயிறுதோறும் இளைஞர் சிலர் குப்பியும் திண்டும் வாங்க வருகிறார்கள். தம் வண்டிக்குத் தாமே மெருகிடும் ஆர்வலர்கள். அவர்கள் கேட்பதில் பாதியை, "இது உங்களுக்கு வேணாம் தம்பி" என்று இவனே திருப்பி வைக்கிறான். வியாபாரத்திற்கு இது உகந்ததா என்று நாம் ஐயுற்றோம், வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் பழைய கார் விற்கும் தரகர் ஒருவர் வந்தார். மூன்று வண்டிகள் இருக்கின்றன, கீறல் தெரியாதபடி செய்து தந்தால் போதும், மாதந்தோறும் வேலை வரும் என்றார். எண்ணெயும் நிரப்புபொருளும் கலந்த ஒருவகைப் பூச்சு உண்டு. கீறலுக்குள் புகுந்து நிரப்பிக்கொள்ளும். நாலைந்து முறை கழுவினால் கீறல்கள் மீண்டும் எழுந்து நிற்கும். தேய்க்கவும் வேண்டாம், நேரமும் ஆகாது. மருமகன் சொன்னது இதுதான்: "செஞ்சு தர்றேன் அண்ணே. வாங்குறவர்கிட்ட இது நிரப்பினதுன்னு சொல்லிடணும்." தரகர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்று வேறு வண்டி வரவில்லை. வாடகை நாள் நெருங்கியிருந்தது என்பதைப் பையனிடம் வேலை செய்பவர் சொல்லி அறிந்தோம்.

நிற்க. அரபி அகராதியில் 'ஜலா' என்னும் வினைக்கு வாளுக்கு மெருகிடுதல் என்று ஒரு பொருள்; பிறந்த ஊரை விட்டுப் போதல் என்று ஒரு பொருள்; மணப்பெண்ணை மணமகனுக்கு வெளிப்படுத்திக் காட்டுதல் என்றும் ஒரு பொருள். வாளுக்கு மெருகிடுபவருக்கு 'ஸைக்கல்' என்று தனிப்பெயரே உண்டு. கழுவுபவர் என்று அவரை எவரும் அழைத்ததில்லை. மச்சானிடம் இதைச் சொன்னபோது, "அகராதி வாடகை கொடுக்குமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான்.

பெண்ணின் தந்தைக்கு நாம் கண்டதை அப்படியே சொன்னோம். வருமானம் இன்னும் சீராகவில்லை, கடன் சிறிது உண்டு, கை தேர்ந்தது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிறர் பொருளை எடுக்க அஞ்சுகிறான், எடுக்காமல் விட்டதை வாய்விட்டுச் சொல்கிறான் என்றோம். சற்று மௌனமாக இருந்தவர், "அப்படின்னா என் வண்டியை அனுப்பிப் பார்க்கிறேன்" என்றார். 2014-இல் வாங்கியது, பல கைகள் மெருகிட்டது. பானட்டில் கருவி 70-க்கும் கீழே காட்டியதாம். கழுவி மெழுகு மட்டும் இட்டு, கழுவுகூலி மட்டும் வாங்கி அனுப்பிவிட்டான்.

மறுநாள் அவர் அழைத்தார். "ஹஜ்ரத், பானட்டைத் தொடவே மாட்டேன்னுட்டார். நான் யாருன்னு தெரிஞ்சும் மாட்டேன்னுட்டார்" என்றார். அது குறையா, மெச்சுதலா என்று குரலில் நமக்குப் பிடிபடவில்லை. பிறகு, பையனின் அத்தாவை வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் வீட்டுக்கு அழைத்து வர இயலுமா என்று கேட்டார்.