பின்சீட்டில் யாருடைய மகன்?



டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போவோரால் எங்கள் ஹட்டன் நகரம் இரவிலும் உறங்காது. என் கணவர் ஹயர் வேன் ஓட்டுபவர். ஓர் இரவு மஸ்கெலியா பாதையில் பின்சீட்டு இளைஞர்கள் கஞ்சாவைப் பற்றவைத்தார்கள்.

அவர் சண்டை பிடிக்கவில்லை. வளைவுப் பாதையில் சாரதி தடுமாறினால் எல்லோருக்கும் ஆபத்து. கண்ணாடிகளை இறக்கி, வெளிச்சமான கடையொன்றின் முன் நிறுத்தினார். “அணைத்துவிடுங்கள் தம்பி, இல்லாவிட்டால் பயணம் இத்தோடு சரி” என்றார். அவர்கள் கேட்கவில்லை. காசு வாங்காமலே இறக்கிவிட்டார்.

“மகளின் டியூஷன் காசு போயிற்றே!” என்று நான் கலங்கினேன்.

“பையில் ‘ஐஸ்’ இருந்திருந்தால்?” என்றார்.

2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. சோதனையில் அகப்பட்டால் வேனும் வழக்கில் மாட்டும்.

சர்வதேசப் பயணத்தில் ஆபத்து விளைவிக்கும் பயணியைக் கட்டுப்படுத்தவும் இறக்கிவிடவும் விமானிக்கு 1963ஆம் ஆண்டு டோக்கியோ உடன்படிக்கை அதிகாரம் தருகிறது. வேன் சாரதிக்கு இருப்பது மனத்துணிவு மட்டும்தான்.

இறங்கும்போது ஒரு பையன் மெல்லச் சொன்னானாம்: “அங்கிள், உம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.”

சகோதரிகளே, மகன் பயணம் புறப்படும்போது சோற்றுப் பொதியை மட்டும் கட்டிக் கொடுக்காதீர்கள். யாருடன் போகிறான் என்றும் கேளுங்கள்.